ஆண்டு விழா நாடகத்துக்குப் பிள்ளைகளோடு சேர்ந்து கவசம் செய்வது எப்படி?

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் 12 பேர், ஓவிய ஆசிரியர் ஒருவர், கையில் ஐந்து வாரம். நாடகம் தேசிங்கு ராஜன் கதை. ஆறு பேருக்குக் கவசம் வேண்டும். போன தடவை அட்டையில் செய்து வெள்ளித்தாள் ஒட்டியது ஒத்திகையிலேயே மடங்கிக் கிழிந்துவிட்டது. எதில் செய்வது, எந்த வேலையைப் பிள்ளைகள் கையில் கொடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அட்டை கிழிந்ததற்குக் காரணம் அட்டை மட்டும் இல்லை. நாடகக் கவசம் பெரும்பாலும் தகட்டில் உடைவதில்லை. நாடா தைத்த இடத்தில் பிய்கிறது, இல்லாவிட்டால் கையைத் தூக்கும்போது அக்குளில் இடித்து மடங்குகிறது. ஆகவே பொருளை மாற்றுவதோடு வடிவத்தையும் மாற்றுங்கள். பளபளப்பைப் பற்றிக் கடைசி வாரம் யோசித்தால் போதும்.

முதலில் வடிவம். மார்பும் முதுகும் ஒரே ஓடாக மூடும் ரோமானிய பாணிக் கவசத்தைத்தான் எல்லாரும் வரைவார்கள். உங்கள் கதைக்கு அது பொருந்தவும் பொருந்தாது, செய்யவும் கஷ்டம். தேசிங்கு பந்தேல ராஜபுத்திரன். 1714-இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் படையோடு மோதி இறந்தவன். அந்தக் காலத்து வட இந்தியக் குதிரை வீரர்களும் தக்காணத்து வீரர்களும் போட்ட ஒரு கவசம் உண்டு: சார் ஐனா. பாரசீகத்தில் ‘நான்கு கண்ணாடி’ என்று பொருள். மார்புக்கு ஒரு தகடு, முதுகுக்கு ஒன்று, விலாவுக்கு இரண்டு. நாலையும் வாரால் பிணைத்து, சங்கிலிச் சட்டைக்கோ பஞ்சு வைத்துத் தைத்த அங்கிக்கோ மேல் கட்டுவார்கள். விலாத் தகடுகளின் மேல் விளிம்பு கைக்கு இடம் விட்டுப் பிறை போல் வெட்டியிருக்கும்.

பள்ளிக்கு இதைவிட ஏற்ற வடிவம் கிடையாது. நாலும் ஏறக்குறைய தட்டையான தகடுகள். உடம்பின் வளைவுக்கெல்லாம் பேட்டர்ன் போட வேண்டியதில்லை. தகடுகளுக்கு நடுவே இடைவெளி இருப்பதால் காற்றோட்டம் உண்டு. எல்லாவற்றையும்விட முக்கியம், விழாவுக்கு முதல் நாள் ஒரு பையனுக்குக் காய்ச்சல் வந்து வேறொருவன் நடிக்க நேர்ந்தால் நாடாவை இழுத்துவிட்டால் போதும், கவசம் அவனுக்கும் பொருந்தும். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் தஞ்சாவூர் அரண்மனையிலிருந்து வந்த ஆயுதங்கள் இருக்கின்றன; ஒரு நாள் பிள்ளைகளை அழைத்துப்போக முடிந்தால் உலோகத்தின் நிறம் எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்த்துவிடுவார்கள். அது வண்ணம் அடிக்கும்போது உதவும்.

பொருள்: ஈ.வி.ஏ. ஃபோம்

ஹவாய் செருப்பு மாதிரி ரப்பர்போல் இருக்கும் அதே வகை. இரண்டு இடத்தில் கிடைக்கும். ஒன்று, குழந்தைகள் விளையாடத் தரையில் போடும் பஸில் மேட்; பெரும்பாலும் 60 × 60 செ.மீ., 10 அல்லது 12 மி.மீ. கனம். இன்னொன்று, செருப்புச் சாமான் விற்கும் கடைகள். அங்கே 3, 6, 8, 10 மி.மீ. என்று கனம் சொல்லி ஷீட்டாக வாங்கலாம். சென்னையில் பெரியமேடு, வேலூர் பக்கமென்றால் ஆம்பூர் போன்ற ஊர்களில் கேளுங்கள்.

வாங்கும்போது நகத்தால் அழுத்திப் பாருங்கள். தடம் விழுந்து சில நொடியில் மறைந்தால் சரி. அழுத்தியதும் பஞ்சுபோல் ஆழமாக உள்ளே போனால் வேண்டாம். டி.வி. பெட்டியில் வரும் வெள்ளை பேக்கிங் ஃபோமும் ஆகாது. அதில் பசை சரியாகப் பிடிக்காது, சூடு காட்டினால் சுருங்கிவிடும். மெத்துமெத்தென்ற கனமான யோகா மேட் பெரும்பாலும் வேறு ரப்பர். சூடாக்கி வளைத்தாலும் வளைவு நிற்காது. தெர்மாகோலை மறந்தே விடுங்கள். நாம் பயன்படுத்தப்போகும் பசை அதைக் கரைத்துக் குழி பறித்துவிடும்.

ஆறு பேருக்குக் கணக்கு இப்படி. மார்பளவு 75 செ.மீ. அருகில் இருக்கும் பிள்ளைக்கு மார்புத் தகடும் முதுகுத் தகடும் 24 × 28 செ.மீ., விலாத் தகடு 12 × 18 செ.மீ. சுற்றளவில் தகடுகள் மட்டும் 24 + 24 + 12 + 12 = 72. அங்கியோடு உடம்பு 80-க்கு மேல் வரும், ஃபோமின் கனம் இன்னும் 6 செ.மீ. கூட்டும். ஆக ஒவ்வொரு இடைவெளியும் 3 முதல் 4 செ.மீ. விழும். அது சரியான அளவு. உடல் பெருத்த பிள்ளைக்குத் தகட்டைப் பெரிதாக்காமல் இடைவெளியைக் கூட்டுங்கள், 6 செ.மீ. தாண்டினால் மட்டும் தகட்டை அகலமாக்கலாம்.

ஒரு மேட்டில் பெரிய தகடு நாலும் ஓரத்தில் சின்னத் தகடு மூன்றும் கணக்குப்படி அடங்கும். ஆனால் ஓரப் பற்களைக் கழித்தால் இடம் குறையும், பிள்ளைகள் வெட்டுவதில் இரண்டு தகடாவது வீணாகும். ஆறு பேருக்கு ஐந்து மேட் வையுங்கள். வட்டக் கேடயம் 45 செ.மீ. விட்டம் என்றால் ஒரு கேடயத்துக்கு ஒரு மேட். ஆக 10 மி.மீ. மேட் 11, 12 வாங்கினால் நிம்மதி. முன்கைக் கவசத்துக்கும் தலைக்கவசத்துக்கும் 6 மி.மீ. ஷீட் 2 சதுர மீட்டர். ஓர வேலைப்பாட்டுக்கு 2 மி.மீ. க்ராஃப்ட் ஃபோம் ஏ4 தாள் 20. 25 மி.மீ. நைலான் நாடா 25 மீட்டர், ஸ்கூல் பேக் க்ளிப் 15, அகல எலாஸ்டிக் 6 மீட்டர், வெல்க்ரோ 3 மீட்டர். பசை ஒரு லிட்டர். மேட்டில் வரும் வாடை போக, பிரித்து இரண்டு நாள் வெயில் படாத வராந்தாவில் காற்றாடப் போடுங்கள்.

முதல் வாரம் ஒரே ஒரு செட்

ஆறு செட்டையும் ஒன்றாகத் தொடங்குவதுதான் பள்ளிகளில் நடக்கும் பெரிய தப்பு. எல்லாவற்றையும் வெட்டி முடித்த பிறகு தோள் இடிக்கிறது என்று தெரிந்தால் 24 தகடும் வீண். முதல் வாரம் ஒரே ஒரு பிள்ளைக்கு, நாடா க்ளிப் உள்பட, வண்ணம் மட்டும் அடிக்காமல் முழு செட்டைச் செய்து முடியுங்கள். அதைப் போட்டுக்கொண்டு அந்தப் பிள்ளை இரண்டு ஒத்திகை முழுக்க நடிக்க வேண்டும். தரையில் உட்கார்ந்து எழ வேண்டும், மேடைப் படி ஏற வேண்டும், இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்க வேண்டும், குனிந்து கும்பிட வேண்டும்.

இந்தச் சோதனையில் வழக்கமாக இரண்டு குறை தெரியும். உட்காரும்போது மார்புத் தகடு மேலே ஏறித் தொண்டையைத் தொட்டால் தகடு நீளம். கீழ் விளிம்பு தொப்புளுக்கு மேலே நிற்க வேண்டும். நிஜ இரும்புக் கவசங்களும் இடுப்பு வளையும் இடத்தோடு நின்றதற்கு இதே காரணம்தான். கையைத் தூக்கும்போது விலாத் தகடு அக்குளில் குத்தினால் மேல் பிறையை இன்னும் 2 செ.மீ. ஆழமாக்குங்கள்.

பேட்டர்ன் எடுக்கப் பழைய டி-ஷர்ட் ஒன்றை யூனிஃபார்முக்கு மேல் போட்டுவிட்டு, அதன் மேல் மாஸ்கிங் டேப்பைத் துண்டு துண்டாக ஒட்டி, தகடு வரும் இடத்தை மார்க்கரால் வரைந்து, அப்படியே வெட்டி எடுத்தால் போதும். பெண் பிள்ளைகளுக்கு இதை ஆசிரியையோ இன்னொரு மாணவியோ செய்யட்டும். வரைந்ததில் பாதியை மட்டும் சார்ட் தாளில் பிரதி எடுத்து, தாளை மடித்து வெட்டுங்கள். அப்போதுதான் இரண்டு பக்கமும் சமமாக வரும். ஒவ்வொரு பேட்டர்னிலும் இட வலம், மேல் கீழ், செட் எண் மூன்றும் எழுதியிருக்க வேண்டும். பெயர் எழுத வேண்டாம். நடிகர் மாறினால் குழப்பம்.

வெட்டுவது

18 மி.மீ. அகலமுள்ள, நுனியை ஒடித்துக்கொள்ளும் கட்டர். ஃபோம் மிருதுவாக இருப்பதால் கத்தி மழுங்காது என்று நினைப்பார்கள். நாலைந்து தகட்டிலேயே மழுங்கிவிடும். மழுங்கிய கத்தி வெட்டாமல் இழுக்கும், விளிம்பு எலி கடித்தது போல் இருக்கும், பிள்ளை பலம் கொடுத்து அழுத்தும், கை வழுக்கும். வெட்டுக்காயம் பெரும்பாலும் மழுங்கிய கத்தியால்தான். ஆகவே ஒரு தகட்டுக்கு ஒரு முறை நுனியை ஒடியுங்கள். ஒடிப்பது ஆசிரியர் மட்டும். ஒடிந்த துண்டுகள் மூடி போட்ட பழைய மாத்திரை டப்பாவுக்குள் போக வேண்டும். வேலை தொடங்கும்போதும் முடிந்ததும் கட்டர்களை எண்ணுங்கள்.

10 மி.மீ. ஃபோமை ஒரே இழுப்பில் வெட்டக் கூடாது. முதல் இழுப்பு மேல் தோலை மட்டும் கீறட்டும், இரண்டாவது பாதி வரை, மூன்றாவது முழுக்க. கத்தி சாயாமல் நேராக நிற்க வேண்டும். சாய்ந்தால் ஓரங்களை ஒட்டும்போது வெளியே பொருந்தி உள்ளே பிளந்து நிற்கும். கீழே பழைய பிளைவுட் துண்டோ கனத்த அட்டையோ போடுங்கள், பெஞ்சு பிழைக்கும்.

சூடு

ஹீட் கன் இல்லாமல் இந்த வேலை நடக்காது. தலைமுடி டிரையரில் அந்தச் சூடு வராது. வாங்கும் முன் ஒன்று கவனியுங்கள்: 2000 வாட் ஹீட் கன் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும். வகுப்பறைச் சுவரில் இருப்பது 6 ஆம்பியர் ப்ளக். அதில் செருகினால் ப்ளக் உருகும், ஃபியூஸ் போகும். 1500 வாட்டும் 6.5 ஆம்பியர்தான். 16 ஆம்பியர் ப்ளக் இருக்கும் இடம், பெரும்பாலும் ஆய்வகமோ மோட்டார் அறை பக்கமோ, அங்கே மேசையைப் போடுங்கள். மெல்லிய ஒயர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது.

சூடு இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, மேற்பரப்பின் சின்னச் சின்னத் துளைகளை மூடுகிறது. 10 செ.மீ. தூரத்தில் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல், பெயின்ட் அடிப்பது போல் போய் வாருங்கள். மங்கலாக இருந்த பரப்பு லேசாக மினுமினுக்கும் நொடியில் அந்த இடம் முடிந்தது, நகர்ந்துவிடலாம். இன்னும் காட்டினால் கொப்புளம் வரும், சுருங்கும். வந்த கொப்புளம் போகாது. துளை மூடாத ஃபோம் வண்ணத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும், நாலு கோட் அடித்தாலும் பட்டை பட்டையாகத் தெரியும்.

இரண்டாவது, வளைப்பது. தகட்டின் இரண்டு பக்கமும் சூடு ஏறித் துவண்டதும் எவர்சில்வர் குடத்தின் வயிற்றில் சாய்த்து வைத்து, கனத்த துணியால் மேலே அழுத்தி ஒரு நிமிடம் அசையாமல் பிடியுங்கள். ஆறியதும் அந்த வளைவிலேயே நிற்கும். சீக்கிரம் எடுத்தால் பாதி விரிந்துவிடும். மறுபடி சூடாக்கிச் செய்யலாம், ஒன்றும் கெடாது. பிளாஸ்டிக் குடத்தில் வேண்டாம்.

வேலைப்பாட்டுக் கோடு வேண்டுமென்றால் சூடாக்கும் முன் கட்டரால் 3 மி.மீ. ஆழத்துக்குக் கீறுங்கள். சூடு பட்டதும் கீறல் தானாகவே வாய் திறந்து, உளியால் வெட்டிய பள்ளம் போல் ஆகும். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்க்கும் இடம் இதுதான். முதல் நாளே காட்டிவிடுங்கள், அப்புறம் ஆள் குறையாது.

ஹீட் கன்னை ஆசிரியர் பிடிக்கட்டும். பக்கத்தில் தோல் கையுறை போட்ட இரண்டு பிள்ளைகள் வளைத்துப் பிடிக்கட்டும். நிறுத்திய பிறகும் முனை பத்து நிமிடம் வரை சுடும். அதைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைக்க ஓர் இடம் குறித்துவிடுங்கள். சுட்டுக்கொண்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம். பற்பசை, இங்க், மஞ்சள் எதுவும் வேண்டாம்.

பசை

ஃபெவிகால் எஸ்.ஆர். 998 அல்லது ஃபெவிபாண்ட் போன்ற ரப்பர் பசை. மரத்துக்குப் போடும் வெள்ளை ஃபெவிகால் ஃபோமைப் பிடிக்காது. ஃபெவிக்விக் பிடிக்கும், ஆனால் ஒட்டிய கோடு கண்ணாடிபோல் விறைத்து, வளைத்தால் முறியும். பருத்தித் துணி மேல் அது கொட்டினால் சுடவும் செய்யும், அதனால் அங்கி போட்ட பிள்ளையின் மேல் வைத்து ஒட்டவே கூடாது. ஹாட் க்ளூ (குச்சியை உருக்கி ஒட்டும் பசை) சூட்டில் இளகும். மத்தியான வெயிலில் நிறுத்திய வேனுக்குள் கவசங்கள் இருந்தால் திறக்கும்போது துண்டு துண்டாக இருக்கும்.

ரப்பர் பசையில் எல்லாரும் தவறும் ஒரே இடம், அவசரம். இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவுங்கள். ஃபோம் வெட்டு முகம் குடிக்கும், அதனால் பத்து நிமிடம் கழித்து இன்னொரு கோட். பிறகு 10 முதல் 15 நிமிடம் சும்மா விடுங்கள். விரல் முட்டியால் தொட்டுப் பாருங்கள். நூல் நூலாக இழுத்தால் இன்னும் ஆகவில்லை. ஒட்டுவது போல் இருந்து, விரலில் ஒன்றும் வராமல் விட்டால் அதுதான் பதம். அந்த நேரத்தில் ஒரு முனையிலிருந்து தொடங்கி, இரண்டு கட்டை விரலாலும் கிள்ளிக் கிள்ளிச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். தொட்டால் ஒட்டியது ஒட்டியதுதான், நகர்த்த முடியாது. ஆகவே இரண்டு ஓரத்திலும் 5 செ.மீ.-க்கு ஒரு குறுக்குக் கோடு போட்டு வைத்து, கோட்டுக்குக் கோடு பொருத்துங்கள். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் உள்ளே கரைப்பான் சிக்கி, அன்று பிடித்தது போல் இருந்து மறுநாள் வாய் பிளக்கும். காய்ந்து போய்விட்டதா? லேசாக ஹீட் கன் காட்டினால் பதம் திரும்பும். ஒட்டிய பிறகு இணைப்பில் அதே சூடு பட்டால் பிரிந்துவிடும் என்பதும் இதே குணம்தான். வளைக்கும் வேலையெல்லாம் ஒட்டும் முன்பே முடித்துவிடுங்கள்.

இந்தப் பசையில் டொலுயின் போன்ற கரைப்பான்கள் இருக்கும். தலைவலி, கிறுகிறுப்பு வரும். எளிதில் தீப்பிடிக்கும். வளரிளம் பிள்ளைகள் போதைக்காக முகரும் பொருளும் இதுவே, அதைச் சொல்லாமல் விடுவது சரியில்லை. டின் ஆசிரியர் பொறுப்பில் பீரோவில் பூட்டி இருக்கட்டும். வேலைக்குத் தேவையானதை மட்டும் சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுங்கள், மிச்சத்தைத் திரும்ப வாங்குங்கள். மூடிய அறை கூடவே கூடாது, வராந்தாதான் சரி. துணி முகமூடி கரைப்பான் ஆவியைத் தடுக்காது. போட்டுக்கொண்டு உள்ளே உட்காருவதைவிட வெளியே உட்காருவது நல்லது. பசை நடக்கும் நேரத்தில் ஹீட் கன் அணைந்திருக்க வேண்டும். இரண்டையும் வேறு வேறு நாளில் வைத்துவிட்டால் தலைவலியே இல்லை.

நாடா

போன வருஷம் பிய்ந்த இடம் இது. நாடாவை ஃபோமின் பின்பக்கம் பசை தடவி ஒட்டினால், நாடா பசையிலிருந்து வராது. ஃபோமின் தோலையே உரித்துக்கொண்டு வரும். எவ்வளவு நல்ல பசையானாலும் அப்படித்தான். விளிம்பிலிருந்து 2.5 செ.மீ. உள்ளே தள்ளி, நாடா அகலத்துக்கு ஒரு பிளவு வெட்டுங்கள். நாடாவை வெளியிலிருந்து உள்ளே செலுத்தி, உள்பக்கம் 6 செ.மீ. நீளத்துக்குப் பரப்பி ஒட்டுங்கள். அதன் மேல் 8 × 5 செ.மீ. கனத்த துணியோ ரெக்சினோ வைத்து மறுபடி ஒட்டுங்கள். இப்போது இழுப்பு முழுவதும் பிளவின் ஓரத்தில் ஃபோமின் கனத்தின் மேல் விழும், பசையின் மேல் அல்ல. நைலான் நாடாவின் வெட்டிய முனையை மெழுகுவத்தியில் லேசாகக் காட்டி உருக்கிவிட்டால் பிரியாது. பசை டின் பக்கத்தில் இல்லாதபோது ஆசிரியர் செய்ய வேண்டிய வேலை.

தோளில் இரண்டு நாடா, நீளம் கூட்டிக் குறைக்க வெல்க்ரோ. வலது விலாத் தகட்டை மார்போடும் முதுகோடும் நிரந்தரமாகப் பிணைத்துவிடுங்கள். இடது விலாத் தகட்டை முதுகோடு மட்டும் பிணைத்து, மார்புப் பக்கம் இரண்டு க்ளிப். இருட்டில், மேடைக்குப் பின்னால், பத்து நொடியில் போட்டுக் கழற்ற முடியும். வெல்க்ரோவை நாடாவில் தைத்துத்தான் வைக்க வேண்டும். பின்னால் பசையோடு வரும் வெல்க்ரோ வியர்வைக்கு நிற்காது. தைத்து முடித்ததும் தோள் நாடாவைப் பிடித்து, கீழே நிறையப் புத்தகம் உள்ள பையை மாட்டித் தூக்குங்கள். ஒரு நிமிடம் தாங்கினால் நாடகம் முழுக்கத் தாங்கும்.

உங்கள் ஊர்ப் பக்கம் தெருக்கூத்து ஜமா (கூத்துக் குழு) இருந்தால் கூத்தர் ஒருவரை ஒரு மணி நேரம் வரச் சொல்லுங்கள். கட்டையில் செய்த கிரீடத்தையும் புஜகீர்த்தி என்ற தோள் அணியையும் கட்டிக்கொண்டு விடிய விடிய ஆடுகிறவர்கள் அவர்கள். எங்கே இறுக்கினால் தோள் மரத்துப்போகும், எங்கே இறுக்கினால் சுழன்றாலும் நகராது என்பது அவர்கள் கைக்குத் தெரியும்.

தலை, முன்கை, கேடயம்

தலைக்கவசம் கிண்ண வடிவம். ஆறு இதழாக வெட்டி ஒட்டினால் வரும். தலைச் சுற்று 54 செ.மீ. என்றால் 60 ஆக எடுங்கள், 6 மி.மீ. கனம் ஏறக்குறைய 4 செ.மீ. தின்னும், உள்ளே வைக்கும் துணிக்கு 2. ஓர் இதழ் அடியில் 10 செ.மீ. அகலம், உயரம் 15. அடியிலிருந்து 5 செ.மீ. உயரத்தில் அகலம் 8.7, 10 செ.மீ. உயரத்தில் 5, உச்சியில் கூர்மை. இந்த நாலு புள்ளியையும் வளைகோட்டால் சேர்க்க வேண்டும். நேர்கோட்டால் சேர்த்தால் கிண்ணம் வராது, கூம்புத் தொப்பி வரும். கணக்கு ஆசிரியரைக் கூப்பிட்டால் கொசைன் பாடத்தை இங்கேயே நடத்திவிடுவார். உச்சியில் ஆறு கூர்மையும் சேரும் இடம் எப்போதும் அசிங்கமாகத்தான் இருக்கும். அதை மறைக்க ஒரு வட்டத் துண்டும் குட்டை ஃபோம் கூம்பும் வையுங்கள். கம்பி, ஆணி எதுவும் உச்சியில் வேண்டாம். பின்கழுத்தில் தொங்கும் சங்கிலி வலைக்கு, பழைய சாம்பல் நிற ஸ்வெட்டரின் தடித்த பின்னலை வெட்டி, மேலோட்டமாக வெள்ளி வண்ணம் தேய்த்தால் பத்தடி தூரத்தில் இரும்பு வளையம்தான்.

முன்கைக் கவசம் ஒரு குழாய். முழங்கைப் பக்கம் அகலம், மணிக்கட்டில் குறுகல். முழுக் குழாயாக ஒட்டிவிட்டால் கை நுழையாது. உள்பக்கம் 3 செ.மீ. திறந்து விட்டு, இரண்டு எலாஸ்டிக் துண்டு தைத்தால் தானே பிடித்துக்கொள்ளும்.

கேடயத்துக்கு 45 செ.மீ. வட்டம் வெட்டி, விளிம்பில் 6 செ.மீ. அகலமும் நடுவில் கூர்மையுமாக ஒரு முக்கோணத்தை எடுத்துவிட்டு ஓரங்களை ஒட்டுங்கள். நடு 6 செ.மீ. அளவு மேலெழும்பும். பிறகு ஒட்டிய கோட்டைத் தவிர மற்ற இடத்தில் சூடு காட்டி, கவிழ்த்த பெரிய இரும்புச் சட்டியின் மேல் அழுத்தினால் கூம்பு உருண்டையாகும். அந்தக் காலத்து வட்டக் கேடயங்களில் நாலு குமிழ் இருப்பது வெறும் அழகுக்கு இல்லை. உள்ளே பிடியை இறுக்கும் ஆணிகளை அவை மூடின. நீங்களும் அப்படியே செய்யுங்கள். பிடி நாடாவை போல்ட்டும் அகல வாஷரும் வைத்து முடுக்கி, வெளித்தலையைக் குமிழால் மூடுங்கள். பசையில் மட்டும் நிற்கும் பிடி முதல் சண்டைக் காட்சியிலேயே கையோடு வரும்.

வண்ணம்

சூடு காட்டிய ஃபோம் மேல் வெள்ளை ஃபெவிகாலை இரண்டு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர் சேர்த்து மூன்று மெல்லிய கோட். ஒவ்வொன்றும் நன்றாகக் காய வேண்டும். கனமாக ஒரே கோட் அடித்தால் வளையும் இடத்தில் வெடிக்கும். பூ வேலைக்குத் தஞ்சாவூர் ஓவியத்தில் மேடு எழுப்பப் போடும் மக்குப் பூச்சைப் போடலாமா என்று யாராவது கேட்பார்கள். பலகையில் நிற்பது வளையும் ஃபோமில் உதிரும். 2 மி.மீ. ஃபோமில் கொடியும் பூவும் வெட்டி ஒட்டுவது மேல். வெட்டிய பூவைச் சேர்த்தே மூன்று கோட் ஃபெவிகால் போகட்டும், ஓரம் தூக்காது.

அதன் மேல் கறுப்பு அக்ரிலிக் முழுக்க. பிறகுதான் வெள்ளி. இங்கேதான் பிள்ளைகளைப் பிடித்து நிறுத்த வேண்டும். பிரஷ்ஷை வெள்ளியில் தோய்த்து அப்பினால் கவசம் வெள்ளித்தாள் சுற்றிய பொட்டலம் போல் தெரியும். பிரஷ்ஷில் துளி எடுத்து, பழைய துணியில் பெரும்பகுதியைத் துடைத்துவிட்டு, வறண்ட பிரஷ்ஷால் மேடுகளின் மேல் மட்டும் தேயுங்கள். பள்ளங்களில் கறுப்பு தங்கும். அந்தக் கறுப்புதான் தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு உலோகம் என்று சொல்கிறது. ஓரத்துக்கும் பூவுக்கும் பொன் நிறம். பார்த்துப் பழகிய துருவும் அழுக்கும் வேண்டுமென்றால் பழுப்பு வண்ணத்தைத் தண்ணீராகக் கரைத்துப் பூசி உடனே துடையுங்கள். நவாப் படைக்கும் தேசிங்கு படைக்கும் ஓர நிறம் வேறாக இருந்தால் சண்டைக் காட்சியில் யார் யார் என்று கடைசி வரிசைக்கும் தெரியும்.

வேலைப் பங்கு

ஆளுக்கு ஒரு கவசம் என்று கொடுக்காதீர்கள். ஆறும் ஆறு விதமாக வரும், இரண்டு முடியாமலே நிற்கும். 12 பேரை மூன்று மூன்றாக நாலு மேசைக்குப் பிரியுங்கள்: வரைந்து வெட்டுவது, சூட்டு மேசைக்கு ஆசிரியரோடு இருப்பது, ஒட்டி நாடா தைப்பது, ஓர வேலையும் வண்ணமும். வெட்டும் மேசையிலும் சூட்டு மேசையிலும் ஆளை மாற்றாதீர்கள். அங்கே கை பழகப் பழகத்தான் தகடு ஒரே மாதிரி வரும், காயமும் குறையும். வண்ண மேசையில் எல்லாரும் ஒரு முறை உட்காரட்டும். முதல் இரண்டு வாரம் அந்த மேசைக்கு வேலை இருக்காது, அவர்கள் பூ வெட்டி வைக்கட்டும்.

இரண்டாம் வாரம் மாதிரி செட்டின் திருத்தமும் வெட்டும் வேலையும், மூன்றாம் வாரம் சூடு, நாலாம் வாரம் பசையும் நாடாவும், அதன் கடைசி இரண்டு நாளில் ஃபெவிகால் கோட். ஐந்தாம் வாரம் முதல் மூன்று நாளில் வண்ணம் முடிந்தே ஆக வேண்டும், ஏனென்றால் மீதி நாள் கவசத்தோடு ஒத்திகை. ஒரு செட் ஒரு கிலோவைத் தாண்டாது, ஆனால் ஃபோம் சூட்டை வெளியே விடாது. அங்கிக்கு மேல் போட்டு மேடை விளக்கில் நிற்கும் பிள்ளை இருபது நிமிடத்தில் நனைந்துவிடும். காட்சிக்கு முன் கடைசியாகக் கட்டி, முடிந்ததும் முதலில் கழற்றுங்கள், தண்ணீர் கொடுங்கள்.

விழா அன்று பக்கவாட்டில் ஒரு பெட்டி இருக்கட்டும்: ஹாட் க்ளூ கன் ஒன்று (அவசரத்துக்கு மட்டும் அது நல்லது), கறுப்பு டேப், ஊசி நூல், உபரி க்ளிப் மூன்று, கறுப்பு மார்க்கர். வண்ணம் உரிந்த இடத்தில் மார்க்கரால் ஒரு இழுப்பு இழுத்தால் பள்ளத்து நிழல்போல் ஆகிவிடும். முடிந்த பிறகு தகடுகளை ஒன்றன் மேல் ஒன்று அடுக்காதீர்கள். எடையில் வளைவு போய்விடும், வண்ணம் வண்ணத்தோடு ஒட்டும். தலைக்கவசத்துக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, செட் எண்ணோடு கோணியில் போட்டு, தகரக் கூரை இல்லாத அறையில் தொங்கவிடுங்கள்.